பூவம்மா ஊட்டிய வெல்லம்

பூவம்மா யாரையும் நம்பமாட்டாள் என்று இராயபுரத்தில் எங்கள் சந்து முழுவதும் பேச்சு. பால்காரன் அளப்பதற்கு முன் படியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நாலடி போனால் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பாள். மீன்காரி தராசைத் தூக்கினால் பூவம்மாவின் கண் மீனைப் பார்க்காது, தூக்குகிற விரலைப் பார்க்கும். "இந்தப் பொம்பளைக்கு மட்டும் சர்க்காரு உத்தியோகம் குடுத்தா போலீசு ஸ்டேசனே வேணாம்" என்று வரலட்சுமி சொல்லிச் சிரிப்பாள். வரலட்சுமி அவளோடு துறைமுகத்தில் கரி சுமந்தவள், பக்கத்துக் குடிசைக்காரி. இந்தக் கதையில் பாதி அவள் வாயால் கேட்டது. மீதிப் பாதி, பூவம்மாவே என் தமக்கையிடம் சொல்லி அழுதது.

அப்படிப்பட்ட பூவம்மா உலகத்தில் ஒரே ஒரு மனிதனைத்தான் நம்பினாள். அதனால் வந்ததைத்தான் எழுதப் போகிறேன். இங்கே ரங்கூன் துறையில் கப்பலிலிருந்து இறங்கும் தமிழ்ப் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். மீசை முளைக்காத முகங்கள். அவர்களைப் பெற்றவர்கள் யாரையோ நம்பித்தானே அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூவம்மாவின் ஞாபகம் வருகிறது.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்கத்தாவிலிருந்து வரும் கரிக்கப்பல்கள் சரக்கைப் படகுகளில் இறக்கும். படகிலிருந்து கரைக்கு ஒரு பலகை சார்த்தியிருக்கும். தலையில் கூடையோடு அதில் ஏறி, கரியைக் குவியலில் கொட்டிவிட்டு, இன்னொரு பலகை வழியாக இறங்கவேண்டும். காலையில் சிவப்பாக இருக்கும் சேலை மத்தியானத்துக்குள் கறுப்பாகிவிடும். துப்பினால் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு. கண் மட்டும் எல்லோருக்கும் எப்போதும் சிவப்பு. இந்தச் சிவப்பை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

பலகையில் ஒரு சட்டம் உண்டு: நிற்கக்கூடாது. ஆள் ஏற ஏறப் பலகை மூச்சு விடுவதுபோல் மேலும் கீழும் ஆடும். எல்லோரும் அந்த ஆட்டத்துக்கு அடி வைத்து நடந்தால் ஒன்றும் ஆகாது. நடுவில் ஒருவர் நின்றால் ஆட்டம் தப்பிப்போகும். பின்னால் வருகிறவரைப் பலகை தூக்கி எறிந்துவிடும். பூவம்மாவின் புருஷன் கோதண்டம் அப்படித்தான் போனான். முன்னால் போன எர்ணாவூர்ப் பையன் ஒருவன் காரணமில்லாமல் நின்றான். பின்னால் வந்த கோதண்டம் படகுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே விழுந்தான்.

சாவுக்கு வந்தவர்களில் கடைசிவரை நின்றவர் மேஸ்திரி வேலப்பன். பாடைக்கு மூங்கில் வாங்கியதும் அவர். பதினாறாம் நாள் முடிந்ததும் பூவம்மாவைக் கரிவேலைக்குச் சேர்த்துக்கொண்டதும் அவர். "உன் புள்ளையும் பெரியவனாவட்டும், நம்ம கும்பல்லயே வச்சிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து மேஸ்திரி பேச்சு அவளுக்கு வேதம்.

பிள்ளை ஜெயவேல் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தான். கெட்டிக்காரன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயரை, வெள்ளைக்கார எழுத்தாக இருந்தாலும், கூட்டிக் கூட்டிப் படித்து அம்மாவுக்குச் சொல்லுவான். மேலுதடு கறுக்க ஆரம்பித்த வயதில் அவனும் கூடையைத் தூக்கினான். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் வசதி இல்லை.

கரி சுமக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு வெல்லம் தின்பார்கள். நெஞ்சில் படிந்த கரித்தூளை வெல்லம் இளக்கிக் கீழே இறக்கிவிடும் என்று அத்தனை பேருக்கும் நம்பிக்கை. வெல்லம் தின்னாமல் கரி சுமந்தவன் இருமியே சாவான் என்பார்கள். வேலப்பன் தம் கும்பலுக்கு அதைத் தாமே கொடுத்துவந்தார். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சாதாரண வெல்லம். வாலிபப் பிள்ளைகளுக்கு மட்டும், தனித் தகர டப்பாவிலிருந்து, கறுப்பாக உருட்டிய ஓர் உருண்டை.

"சுக்கு, மொளகு, திப்பிலி போட்டு இடிச்சது. எளம் நெஞ்சுல கரி சீக்கிரம் ஒட்டிக்கும்மே. பெரியவங்களுக்கு அவசியமில்ல" என்று விளக்கம் சொன்னார்.

பூவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பன் இருந்தால்கூட இவ்வளவு பார்ப்பானா?

ஜெயவேல் வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்திருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பலகைமேல் ஏறும்போது சிரித்தான். முன்னால் யாரும் இல்லை, வேடிக்கையும் இல்லை. தண்ணீரைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே ஏறினான். பின்னால் வந்த பூவம்மாவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

கரைக்கு வந்ததும், "இன்னாடா சிரிக்கிற?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி என்னைப் பாத்து கண்ணடிச்சுது."

"பலகையில சிரிக்கிறியே. உங்க நைனா எப்டி பூட்டாருன்னு மறந்துட்டியா?"

அதற்கும் சிரித்தான்.

அதன்பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். பிள்ளை வேலை விட்டு வந்ததும் பானையில் இருக்கிற சோற்றையெல்லாம் வழித்துத் தின்றான். கேட்ட கேள்விக்குப் பதில் பாதியில் நின்றது. எண்ணெய் வாங்க அனுப்பினால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் நின்றான், எதற்கு வந்தோம் என்று தெரியாமல். கப்பல் பெயரைக் கேட்டால் இரண்டு எழுத்து கூட்டுவான். மூன்றாவதுக்கு வரும்போது முதல் எழுத்து போய்விடும். "அப்பால சொல்றேன்" என்பான். முன்பெல்லாம் கேட்காமலே சொல்லுவான்.

வரலட்சுமி ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் காதோடு சொன்னாள். "எம்மே, எனக்கு என்னமோ தப்பாப் படுது. எங்க மச்சான் இப்டித்தான் கீறாரு. கஞ்சா."

"வாயக் கழுவு."

"நான் கழுவிக்கறேன். நீ அவன் வாய மோந்து பாரு."

அன்றிலிருந்து தினமும் சோதனை. வேலை விட்டு வந்ததும், "ஊதுடா" என்பாள். அவன் ஊதுவான். சட்டையைக் கழற்றச் சொல்லி முகர்ந்து பார்ப்பாள். சும்மாட்டுத் துணியை உதறுவாள். படுக்கிற பாய்க்கடியில் கஞ்சா இழுக்கிற சிலும்பி இருக்கிறதா என்று துழாவுவாள். கஞ்சா என்றால் அவளுக்குப் புகைதான். கோயில் பின்பக்கம் சாமியார்கள் உறிஞ்சி ஊதும் அந்தப் பச்சை நாற்றம்தான். பிள்ளை வாயில் புகை இல்லை. வெல்ல வாசனைதான் வந்தது. அப்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அதற்குத்தான் முன்பே சொன்னேன். அந்தக் கும்பலில் யார் கண் வெள்ளையாக இருந்தது?

வாயில் புகை இல்லையென்றால் பிள்ளை சாமர்த்தியமாக மறைக்கிறான் என்று நினைத்தாள். மறைக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருக்கவேண்டும். யார்? சந்தேகம் தாவூது மேல் விழுந்தது. தாவூது படகுக்காரர் மகன், ஜெயவேலுக்கு ஒரு வயது மூத்தவன், குழந்தையிலிருந்து தோஸ்து. வாயில் எப்போதும் பீடி. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "நானும் பாத்துகினுதான் கீறேன். அந்தப் பையன் சகவாசம் சரியில்ல. மொதல்ல அத அறுத்து உடு" என்றார். சந்தேகம் உறுதியாகிவிட்டது.

தாவூது படகின் அடிப்புறத்துக்கு மீனெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"வாய ஊது" என்றாள்.

அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான். "இன்னா அத்தே, எனக்கும் சோதனையா? மீன் எண்ண நாத்தந்தான் வரும். பரவால்லியா?"

"எம்புள்ளைக்குக் கஞ்சா குடுக்கறது நீதானே?"

"நான் பீடி குடிப்பேன், அதுல பொய் சொல்லமாட்டேன். கஞ்சாவத் தொட்டா எங்க வாப்பா துடுப்பாலயே சாத்திடுவாரு." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். குரலில் விளையாட்டுப் போய்விட்டது. "நானும் பாத்துகினுதான் கீறேன் அத்தே. காலையில வேலைக்குப் போவும்போது நல்லாத்தான் போறான். வேலை உட்டு வரும்போதே அப்டித்தான் வரான். எங்கிட்ட வரதுக்கு முன்னாடியே. நடுவுல இன்னா நடக்குதுன்னு நீதானே கூட கீற, நீதானே பாக்கணும்?"

இதைவிடத் தெளிவாக யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. அவள் காதில் விழுந்ததோ, பழியைத் தன்மேலேயே திருப்புகிறான் என்பது மட்டும்தான். சந்து முழுக்கக் கேட்கும்படி அவனை ஏசினாள். அவன் வாப்பா வந்து, மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

தாவூது வருவது நின்றது. ஜெயவேல் மட்டும் மாறவில்லை. பிறகு அவள் டீக்கடைக்காரனைச் சந்தேகித்தாள். கப்பலில் வந்த கலாசிகளைச் சந்தேகித்தாள். சர்க்கார் லைசென்ஸ் பெற்றுக் கஞ்சா விற்ற கடையின் எதிரில் ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிள்ளை அந்தப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு மாதிரி இருந்தான். எரிந்து விழுந்தான், சோற்றைத் தள்ளினான், கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கரி நெஞ்சை அடைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து மேஸ்திரியிடம் கேட்டாள்: "லீவு நாளைக்கும் ஒரு உருண்ட குடுங்க சாமி. புள்ள நெஞ்சு தாங்கல."

வேலப்பன் கொடுத்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார் என்று வரலட்சுமி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் கையாலேயே பிட்டு ஊட்டினாள். சாயங்காலத்துக்குள் பிள்ளை சாந்தமாகிவிட்டான். பூவம்மா மேஸ்திரி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்புறம் ஜெயவேலுக்குக் காய்ச்சல் வந்தது. அவனைப் படுக்கவைத்துவிட்டு அவள் மட்டும் போனாள். மத்தியானம் வேலப்பன் கறுப்பு உருண்டையை இலையில் சுற்றி அவளிடம் கொடுத்தார். "புள்ளைக்குக் குடு. காச்சலுக்கும் நல்லது." அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்கே இருமல் குடலைப் புரட்டியது. பிள்ளைக்கு நல்லதாக இருப்பது தனக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று பாதியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். வெல்லத்துக்கு அடியில் ஒரு பச்சைக் கசப்பு. திப்பிலி என்று நினைத்தாள்.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. கஞ்சாவில் இருக்கிற வஞ்சகமே அதுதான். புகைத்தால் அப்போதே தலைக்கு ஏறும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். தின்றால் தின்றதையே மறந்த பிறகுதான் ஏறும். ஏறினால் லேசில் இறங்காது. வாய்க்குப் போனதும் புத்தி கெட்டதும் அடுத்தடுத்து நடந்திருந்தால், மீன்காரி விரலைக்கூட விடாமல் பார்த்த பூவம்மா முதல் நாளே பிடித்திருப்பாள்.

வெயில் சாயும் நேரம். கூடையோடு பலகையில் கால் வைத்தாள். தினமும் ஏறுகிற பலகைதான். அன்றைக்கு அது முடிவதாகவே இல்லை. நடக்கிறாள், நடக்கிறாள், கரை அங்கேயே இருக்கிறது. தலையில் கனமே தெரியவில்லை, கூடை யார் தலையிலோ இருப்பதுபோல். கீழே தண்ணீரில் வெயில் துண்டு துண்டாக மின்னியது. ஒவ்வொரு துண்டும் அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. கண்ணடித்தது என்ற வார்த்தையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

நின்றுவிட்டாள்.

"நட பூவம்மா. நிக்காதே, நட." பின்னால் வரலட்சுமி. பலகை ஆட்டம் தப்பித் துள்ளியது. வரலட்சுமி தன் கூடையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, பலகையில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். அதனால்தான் பிழைத்தாள். பூவம்மாவின் கூடையும் போயிற்று. நாலு பேர் சேர்ந்து அவளைக் கரைக்கு இழுத்துப்போட்டார்கள். வேலப்பன் தூரத்திலிருந்து, கூடை போன கோபத்தில் கத்திக்கொண்டு வந்தார்.

கரிக்குவியலில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழவேண்டிய நேரம் என்று தெரிகிறது, வருவது சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அது அவள் சிரிப்பு இல்லை. தன் வாயிலிருந்து பிள்ளையின் சிரிப்பு வருவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் காய்ச்சல் தணிந்து ஜெயவேலும் வேலைக்கு வந்துவிட்டான். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, மேஸ்திரி டப்பாவைத் திறந்ததும் பூவம்மா எழுந்து போனாள். முந்தானையில் மிச்சமிருந்த பாதி உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"மேஸ்திரி, நீங்க இத துன்னுங்க."

"எனக்கு இன்னாத்துக்கு? நானா கரி தூக்கறேன்?"

"துன்னுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சி ஒரே ஒருவாட்டி பலகை ஏறி எறங்குங்க. வெறுங்கையோட ஏறினாப் போதும்."

வேலப்பன் சிரித்தார். "எனக்கு இனிப்பு ஆவாதும்மே. வைத்தியரு சொல்லிக்கீறாரு."

"நேத்து அல்வாவ அந்த வைத்தியரு ஊட்டி உட்டாரா?" என்றாள் வரலட்சுமி. சில பெண்கள் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பொம்பளைங்களுக்குப் பேச்சு நீண்டுபூட்ச்சி" என்றார் வேலப்பன். சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகள் தம் பக்கம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலும். பிள்ளைகள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் பூவம்மாவின் உள்ளங்கையில் இருந்தது.

ஜெயவேல்தான் வாயைத் திறந்தான். "யம்மா, அவரு துன்ன மாட்டாரு. வீணா பூடும். அத எங்கிட்ட குடு."

கெஞ்சலாகக்கூட இல்லை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதுபோல் கேட்டான். கும்பல் முழுவதும் கேட்டது. அதற்கு மேல் யாருக்கும் யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பையனின் தாய் எழுந்துவந்து மகன் கையிலிருந்த உருண்டையைத் தட்டிவிட்டாள். இன்னொருத்தி டப்பாவையே பிடுங்கிக் கடலில் எறிந்தாள். வேலப்பன் யாரையும் தடுக்கவில்லை. "நாளைக்கு யாரும் வேலைக்கு வரவேணாம்" என்று மட்டும் சொன்னார்.

படகு சீக்கிரம் காலியானால் மேஸ்திரிக்கு லாபம். தோள்வலி தெரியாத பிள்ளைகள் நிற்காமல் சுமப்பார்கள். வேறு மேஸ்திரி கூப்பிட்டாலும் போகமாட்டார்கள். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகளின் புத்தி அவர் கணக்கிலேயே இல்லை. அவர் தண்டனை அடைந்ததாக எனக்குத் தெரியாது. கும்பலில் சிலர் வேறு வழியில்லாமல் கொஞ்ச நாளில் அவரிடமே திரும்பிப் போனார்கள் என்று கேள்வி.

பூவம்மா போகவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு எண்ணூர் உப்பளத்துக்குப் போய்விட்டாள். முதலில் சில வாரங்கள் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பிள்ளைக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, தொட்டதற்கெல்லாம் சண்டை. வேலப்பன் கொடுத்தது வெல்லம்தான், நீதான் பைத்தியம் என்று அம்மாவையே ஏசினான். ஒரு நாள் கையிலிருந்த உப்புவாரிக் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். துறைமுக வாசலில் நின்றவனைத் தாவூதுதான் பார்த்து, தோளில் கைபோட்டு, எண்ணூர் வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தான்.

பூவம்மா தாவூதை உட்காரச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் சந்தில் கிடையாது. "பீடி வச்சிக்கீறியா?" என்று கேட்டாள்.

"கீது அத்தே."

"குடி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவன் அவள் எதிரில் குடிக்கவில்லை.

நாளடைவில் ஜெயவேல் தேறினான் என்றுதான் சொல்லவேண்டும். சோறு இறங்கியது, கை வேலை செய்தது. எழுத்து மட்டும் பழையபடி வரவில்லை. வளர்கிற வயதில் தின்றது வளர்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது போலும். பெரியவர்கள் தின்று தள்ளாடி எழுந்துவிடுவார்கள். குருத்தில் விழுந்த புழு வேறு.

ஒரு சந்தேகம் மட்டும் பூவம்மாவை விடவில்லை. அன்று கோதண்டத்துக்கு முன்னால் பலகையில் நின்ற எர்ணாவூர்ப் பையன் ஏன் நின்றான்? அவனுக்கும் வாலிப வயதுதான். அவனும் அதே கும்பல்தான். பாடைக்கு மூங்கில் வாங்கிக் கொடுத்தவரின் முகத்தை நினைத்து நினைத்துப் பார்ப்பாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அந்தப் பையன் புத்தி பேதலித்து எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் கப்பலேறுவதற்கு முன்பு என் தமக்கையோடு எண்ணூருக்கு ஒரு தடவை போயிருந்தேன். பாத்தியில் தாயும் பிள்ளையும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தாவூதும் வந்திருந்தான், வரப்பில் உட்கார்ந்து, தன் வாப்பா வாத்து வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வாத்து படகிலிருந்து குதித்துவிட்டதாம். வாப்பாவும் பின்னாலேயே குதித்தாராம். எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. ஜெயவேல் உப்புவாரியை ஊன்றிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தான்.

பூவம்மாவின் கை நின்றது. கால் புதையப் பாத்தியைக் கடந்து அவனிடம் வந்தாள்.

"ஊதுடா" என்றாள்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். பழக்கப்பட்டவன்போல் குனிந்து, அம்மா முகத்துக்கு நேராக ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். இனிப்பு வாசனை வருகிறதா என்று பார்த்தாள்.